கிணற்றின் வெள்ளிக்கிழமை

எங்கள் தோட்டக் கிணற்றில் ஆறு வீட்டுக்காரருக்குப் பங்கு இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத்தான் எல்லோரும் தண்ணீர் இறைப்பார்கள். செவ்வாய்க்கிழமை எங்களுடைய முறை. சனிக்கிழமை பக்கத்துத் தோட்டத்து ஞானாம்பிகை மாமியுடைய முறை. இப்படி ஆறு வீட்டுக்கும் ஆறு நாள் போனால் வெள்ளிக்கிழமை மிஞ்சும். அன்றைக்கு யாரும் இறைப்பு மெசினைக் கிணற்றடிக்குக் கொண்டு போவதில்லை. அது கிணற்றின் நாள்.

கிணற்றுக்கு எதற்கு ஒரு நாள் என்று முன்பு அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அதுவும் மனிதர் மாதிரித்தான், களைப்பாறட்டும் என்றார். கிணறு கதிரை போட்டு இருந்து தேத்தண்ணி குடிக்குமா என்று தம்பி கீர்த்திகன் கேட்டான். அவனுக்கு ஆறு வயது. வாய்க்கு மட்டும் அறுபது.

நான் ஆரணி. புத்தூரில் இருக்கிறேன், தரம் ஆறில் படிக்கிறேன். இந்தக் கதையில் பெரிய பிழை ஒன்று நடக்கப் போகிறது. அதைத் தொடக்கி வைத்தவள் நான். அதனால்தான் நானே சொல்கிறேன். வேறு யாராவது சொன்னால் பாவம் பார்த்து அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவார்கள்.

முதலில் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா விடிய முதல் தோட்டத்துக்குப் போனால் இருட்டித்தான் வீட்டுக்கு வருவார். வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானத்தோடு வந்துவிடுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். தேங்காய்ப்பூவில் பாதி கோப்பையில் விழும், மீதி அவர் இடுப்பில் கட்டிய சாரத்தில் விழும். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரிக் கறிக்கு உப்புப் போடுவார்.

பிறகு நாலு பேரும் நிலத்தில் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். கடைசியில் மிஞ்சுகிற சோற்றையும் பருப்பையும் கத்தரிக்காய்க் கறியையும் கீரையையும் அப்பா ஒரே சட்டியில் போட்டுக் கையால் குழைப்பார். உருண்டை பிடித்து ஒவ்வொருவர் கையிலும் வைப்பார். அதுதான் குழையல். வயிறு நிறைந்திருந்தாலும் குழையலுக்கு மட்டும் எப்படியோ இடம் இருக்கும். உருண்டையை வாயில் வைத்ததும் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"உப்புக் காணுமோ?"

போதுமா என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கேட்போம். நானும் அம்மாவும் காணும் என்போம். தம்பி மட்டும் எல்லா வெள்ளிக்கிழமையும் காணாது என்பான். இன்னொரு உருண்டை வாங்குவதற்கு அவன் கண்டுபிடித்த வழி அது.

இனிப் பிழைக்கு வருகிறேன்.

எங்களுக்கு நாலு பரப்புத் தோட்டம். சின்ன வெங்காயம் வைப்போம். அப்பாவுக்கு நெடுநாளாக ஓர் ஆசை இருந்தது. சொந்தமாக ஒரு லாண்ட்மாஸ்டர், அந்தச் சின்ன உழவு மெசின், வாங்க வேண்டும். உழுவதற்கு ஒவ்வொரு முறையும் பிறருடைய லாண்ட்மாஸ்டருக்குக் காத்திருக்க வேண்டும்; அது வந்து சேரும்போது மண் காய்ந்து போயிருக்கும். சொந்தமாக ஒன்று இருந்தால் எங்கள் தோட்டத்தையும் உழலாம், ஊரில் உள்ளவர்களுக்கும் உழுது கொடுக்கலாம். லாண்ட்மாஸ்டர் வர முதலே அதற்குக் கொட்டில் போட வீட்டுக்குப் பக்கத்தில் நாலு மூலைக்கும் நாலு மரக் கப்பு ஊன்றிவிட்டார். தம்பி அந்த நாலு கப்புக்கு நடுவில் குந்தியிருந்து வாயால் லாண்ட்மாஸ்டர் ஓட்டுவான்.

எனக்கும் ஆசைதான். பின்னால் பெட்டியைப் பூட்டி, அதில் நாங்கள் எல்லோரும் ஏறி வல்லிபுரக் கோயிலுக்குப் போவதாக எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அந்த நினைப்பில் அப்பா ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

இந்த வருடம் சித்திரையில், எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் எட்டுப் பரப்புக் காணி சும்மா கிடந்தது. சொந்தக்காரர் கனடாவில் இருந்து, விருப்பமென்றால் செய்யுங்கள் என்று சொல்லியனுப்பினார். அப்பா அன்றைக்கே ஓம் சொல்லிவிட்டார். ஒரு போகம் பன்னிரண்டு பரப்பிலும் வெங்காயம் வைத்தால் லாண்ட்மாஸ்டர் வந்துவிடும் என்பது அவருடைய நினைப்பு.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். செவ்வாய்க்கிழமைத் தண்ணீர் நாலு பரப்புக்கே மட்டுமட்டு, மிச்சத்துக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்டார். அப்பா ஒரு கிழமையாகச் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கவலையாக இருந்தது. அதனால்தான் சொன்னேன்.

"அப்பா, வெள்ளிக்கிழமை கிணறு சும்மாதானே கிடக்குது."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு மூளை இருக்கு என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்.

"அது கிணத்தின்ரை நாள். ஒருத்தரும் தொடுறேல்லை" என்றார் அம்மா.

ஒரு போகம்தானே என்றார் அப்பா. லாண்ட்மாஸ்டர் வந்ததும் நிறுத்திவிடுவேன் என்றார். பிறகு மற்றப் பங்காளிகளிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டார். நானும் அவரோடு போனேன், என்னுடைய யோசனை அல்லவா. சிலர் தோளைக் குலுக்கினார்கள். ஞானாம்பிகை மாமி கத்தரிப் பாத்தியில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார்.

"தம்பி, நீ கேக்க வந்தனியோ, சொல்லிப்போட்டுப் போக வந்தனியோ?"

அப்பா சிரித்துச் சமாளித்துவிட்டு வந்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மெசின் கிணற்றடிக்குப் போனது.

அன்று பள்ளிக்கூடத்தால் வந்தபோது திருவலைச் சத்தம் கேட்கவில்லை. அம்மா நாலு கோப்பையில் சோறு போட்டார். பிறகு ஒரு கோப்பைச் சோற்றைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் மாற்றி என்னிடம் தந்தார். அதைத் தோட்டத்துக்குக் கொண்டு போனேன். அப்பா வாய்க்காலில் இருந்து கண்ணை எடுக்காமல் நின்றபடியே சாப்பிட்டார். குழையல் இல்லையா என்று கேட்டதற்கு வாற கிழமை என்றார்.

வாற கிழமையும் வந்தது. அதற்கடுத்த கிழமையும் வந்தது. தம்பி கேட்பதை நிறுத்திவிட்டான். அவன் ஒன்றைக் கேட்பதை நிறுத்துவது சின்ன விசயம் இல்லை.

வெங்காயம் நன்றாகத்தான் வளர்ந்தது. பன்னிரண்டு பரப்பும் பச்சைப் பசேல் என்று நின்றது. அப்பா மட்டும் மெலிந்துகொண்டு போனார். முதலில் வெள்ளி மத்தியானம் இறைத்தவர், பிறகு காலையிலேயே தொடங்கினார். பிறகு வியாழக்கிழமைக்காரர் முடித்த கையோடு மெசினை வைத்து, மாமி வந்து சனிக்கிழமை விடியக் கேட்கும்வரை ஓட்டினார். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, குழாயை இன்னும் ஆழத்துக்கு இறக்கினார்.

தம்பிக்கு முன் பல் விழுந்தது. அப்பா அதை நாலு நாள் கழித்துத்தான் கண்டார். எப்போது விழுந்தது என்று கேட்டார்.

"நீங்கள் இறைக்கேக்க" என்றான் தம்பி.

ஆனி மாதம் ஒரு காலையில் அந்தத் தம்பிதான் முதலில் கண்டுபிடித்தான். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, அம்மா சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டிட்டா என்று முகத்தைச் சுளித்தான். நான் குடித்துப் பார்த்தேன். உண்மைதான். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சீனிப் பேணியைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தார். சீனிதான். வேறு தேத்தண்ணி போட்டார். அதுவும் அப்படியே இருந்தது.

நான் குசினிக்குள் போய்க் குடத்தில் இருந்த தண்ணீரை அப்படியே குடித்துப் பார்த்தேன்.

எங்கள் தோட்டக் கிணற்றுத் தண்ணீர் ஊரிலேயே நல்ல தண்ணீர். சுற்றுவட்டாரத்துச் சனம் குடிப்பதற்கு அங்கேதான் குடத்தோடு வருவார்கள். அந்தத் தண்ணீர் நாக்கில் கரித்தது. கடல் தண்ணீர் அளவுக்கு இல்லை. ஆனால் விழுங்கிய பிறகும் தொண்டையில் நின்றது.

எனக்கு அப்போது நிலாவரைக் கிணறு ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் இருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். போன வருடம் வகுப்போடு அங்கே போயிருந்தோம். அந்தக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உப்புத் தண்ணீர். எங்கள் நிலத்துக்குக் கீழேயும் இப்படித்தான், உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீர் இருக்கிறது, மேலே உள்ளதை அளவுக்கு மிஞ்சி எடுத்தால் கீழே உள்ளது ஏறிவிடும் என்று அன்று கொப்பியில் எழுதினேன். எழுதி, கீழே கோடு போட்டு, மறந்துவிட்டேன்.

குடத்தடியில் அப்படியே இருந்துவிட்டேன். கிணறு வெள்ளிக்கிழமையில் சும்மா கிடக்கவில்லை. எடுத்ததெல்லாம் திரும்ப ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத்தான் நான் சும்மா கிடக்கிறது என்று சொன்னேன்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் எட்டுப் பரப்பும் போகும், லாண்ட்மாஸ்டரும் போகும். அதைவிட, பிள்ளைக்கு மூளை இருக்கு என்று சொன்ன அப்பா அதற்குப் பிறகு என்னை எப்படிப் பார்ப்பார்? நாட்கணக்காக அதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போன சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டு வந்தேன். எல்லாம் என்னால்தான் என்ற எண்ணம் படுத்தாலும் எழும்பினாலும் போகவில்லை.

அதற்குள் வெங்காயத் தாள்களின் நுனி கருகத் தொடங்கியது. நோய் என்று அப்பா மருந்து அடித்தார். கருகல் இன்னும் பரவியது. அப்படியென்றால் தண்ணீர் காணாது என்று சொல்லி இன்னும் கூடுதலாக இறைத்தார். அந்தத் தண்ணீர்தான் அதைக் கொல்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

சனிக்கிழமை ஞானாம்பிகை மாமி எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் வேரோடு பிடுங்கிய கத்தரிக் கன்று ஒன்று இருந்தது. இலை ஓரம் எல்லாம் எரிந்த மாதிரி இருந்தது. மாமி தனி ஆள். அந்தக் கத்தரித் தோட்டம் ஒன்றுதான் அவருக்கு இருக்கிறது. அவர் சண்டை பிடிக்க வரவில்லை. சண்டை பிடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நாப்பது கண்டு வைச்சனான், றஜனி" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "ஒவ்வொண்டாப் போகுது. நான் ஒருத்தரையும் குறை சொல்ல வரேல்லை. என்ரை நாக்குத்தான் பிழையோ எண்டு கேக்க வந்தனான். நீ ஒருக்காக் கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப் பாத்துச் சொல்லு."

குடிக்காமலே அம்மாவுக்குத் தெரியும். நாளுக்கு நாள் கறிக்கு உப்பைக் குறைத்துக்கொண்டு வந்தவர் அவர்தானே. மாமி போன பிறகு அந்தக் கத்தரிக் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் இருந்து அழுதார்.

பின்னேரம் அப்பா தேத்தண்ணிக்கு வந்தபோது அம்மா எல்லாவற்றையும் சொன்னார். மாமி வந்ததையும் தண்ணீர் கரிப்பதையும் சொல்லி, இந்தக் கிழமையாவது வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கோ என்று கேட்டார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஊருக்குப் பொறாமை என்றார். கோடை காலத்தில் எந்தக் கிணறும் கொஞ்சம் கரிக்கும் என்றார்.

"எட்டுப் பரப்பையும் காய விட்டிட்டுக் கதிரையில இருக்கச் சொல்லுறியோ? நான் ஆருக்காக உந்தப் பாடு படுறன்?"

அப்பா தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். தம்பி நாலு கப்புக்கு நடுவில் போய் இருந்தான். வாயால் எதையும் ஓட்டவில்லை. எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. இனி ஒன்றும் சரிவராது, கிணறும் சரிவராது, நாங்களும் சரிவரமாட்டோம் என்று நினைத்தேன்.

அப்பா யார் சொன்னாலும் கேட்கமாட்டார் என்று தெரிந்துவிட்டது. சொல்லாமல் எப்படிச் சொல்வது என்று அடுத்த நாலு நாளும் யோசித்தேன். வியாழக்கிழமை அம்மாவிடம் போனேன்.

"அம்மா, நாளைக்கு ஒரு கறிக்கும் உப்புப் போடாதேங்கோ. சோத்துக்கும் போடாதேங்கோ. தண்ணியைக் கூடுதலா விட்டு நல்லா வத்த விடுங்கோ."

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. என் தலையைத் தடவிவிட்டு, உப்புப் போத்தலை எடுத்து மேல் தட்டில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மூன்று பேரும் சாப்பாட்டோடு தோட்டத்துக்குப் போனோம். மெசின் இரைந்துகொண்டு நின்றது. அப்பா மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றார். அதிலே வைத்துவிட்டுப் போங்கோ என்று கை காட்டினார். நாங்கள் போகவில்லை. வரம்பில் சட்டியை வைத்துச் சோற்றையும் பருப்பையும் கீரையையும் கத்தரிக்காயையும் கொட்டி, நான் குழைக்கத் தொடங்கினேன். எனக்கு அதற்குமுன் பழக்கம் இல்லை. பிடிக்கப் பிடிக்க உருண்டை உடைந்தது. அக்கா சேறு குழைக்கிறா என்றான் தம்பி.

அப்பா என்ன கூத்து இது என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். நான் ஓர் உருண்டையை அவர் கையில் வைத்தேன். அவர் வாயில் போட்டார்.

"உப்புக் காணுமோ அப்பா?" என்று கேட்டேன்.

"கூடிப்போச்சுது பிள்ளை."

"உப்புப் போடேல்லை அப்பா. அம்மாவும் போடேல்லை. நானும் போடேல்லை."

அப்பா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டினார். அப்பா தன் கையில் ஒட்டியிருந்த சோற்றைப் பார்த்தார். பிறகு வாய்க்காலில் குனிந்து, ஓடுகிற தண்ணீரில் ஒரு கை அள்ளிக் குடித்தார். இன்னொரு கை அள்ளிக் குடித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நிலாவரையில் படித்ததை அழுதுகொண்டே சொன்னேன். மேலே இருந்த நல்ல தண்ணீரை எல்லாம் நாங்கள் எடுத்துவிட்டோம், கீழே இருந்த உப்பு ஏறிவிட்டது என்று சொன்னேன். எனக்கு முதலே தெரியும், பயத்தில் சொல்லவில்லை என்றும் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமையைச் சொன்னது நான்தானே அப்பா. என்னாலதான் எல்லாம்."

அப்பா போய் மெசினை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் தம்பி பயந்து அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அப்பா திரும்பி வந்து ஈர மண்ணிலேயே இருந்துவிட்டார்.

"நீ சொன்னனி. இறைச்சது நான்" என்றார்.

பிறகு கருகிய பன்னிரண்டு பரப்பையும் பார்த்துக்கொண்டு அழுதார். அப்பா அழுவதை நான் அன்றுதான் முதன்முதல் பார்த்தேன். என்ன செய்வதென்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. தம்பி மட்டும் சட்டிக்குள் கையை விட்டு, மிஞ்சியிருந்ததை ஓர் உருண்டையாகப் பிடித்து அப்பாவின் கையில் வைத்தான். அது உருண்டையாகவே இருக்கவில்லை. அப்பா அதைச் சாப்பிட்டார்.

அன்று பின்னேரமே அப்பா மற்றப் பங்காளிகளின் ஐந்து வீட்டுக்கும் போனார். நானும் போனேன். முதல் முறை கேட்கப் போனபோது கூடப் போனவள், இப்போது போகாமல் இருப்பது சரியில்லை. ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் நின்று, பிழை என்னுடையது என்று அப்பா சொன்னார். வெள்ளிக்கிழமையை இனித் தொடமாட்டேன், மழை வரும்வரை என்னுடைய செவ்வாய்க்கிழமையும் வேண்டாம், அதையும் கிணற்றுக்கே விடுகிறேன் என்றார். ஒரு வீட்டில் எங்களை இருக்கச் சொன்னார்கள். ஒரு வீட்டில் பதில் சொல்லாமல் படலையைச் சாத்தினார்கள். மாமி அப்பாவை ஏசவில்லை. மழை வந்தால் சரிவரும் என்று மட்டும் சொன்னார். சரிவராவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை.

தண்ணீர் இல்லாத எட்டுப் பரப்பும் என் கண் முன்னாலேயே காய்ந்தது. நாலு பரப்பில் இருந்ததை முற்றுவதற்கு முதலே கிண்டினோம். வெங்காயம் மாபிள் அளவுதான் இருந்தது. அப்பா பிறருடைய தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகத் தொடங்கினார். லாண்ட்மாஸ்டரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதைக்கவில்லை. அந்த நாலு கப்பிலும் அம்மா கயிறு கட்டி உடுப்புக் காயப் போட்டார்.

ஊர்க் கோயில் கிணற்றில் மெசின் வைக்க முடியாது, அதனால் அந்தத் தண்ணீர் கரிக்கவில்லை. வாளியால் மட்டும் அள்ளலாம். தினமும் விடியற்காலையில் அப்பா சைக்கிளில் இரண்டு கேன் தண்ணீர் கொண்டு வருவார். ஒன்று எங்களுக்குக் குடிக்க. மற்றது மாமியின் கத்தரிக்கு. அது என்னுடைய யோசனை. இந்த முறை சொல்ல முதல் மூன்று தரம் யோசித்தேன். பள்ளிக்கூடம் போக முதல் ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஒரு பேணி தண்ணீர் ஊற்றுவேன். தம்பி எண்ணுவான். முதல் நாள் இருபத்தாறு எண்ணினான். பிறகு இருபத்திரண்டு. கடைசியில் பதினேழு. அந்தப் பதினேழும் சாகவில்லை.

சமையலுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் போய்க் குடித்துப் பார்ப்பேன். ஆடி மாதம் கரித்தது. ஆவணியிலும் கரித்தது. புரட்டாசியிலும் அப்படியே. இனி மாறாது என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன். அப்பா வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார், தேங்காய் துருவுவார், சாரத்தில் கொட்டுவார். நாலு பேரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். குழையலும் குழைப்பார். அந்தக் கேள்வியை மட்டும் கேட்கமாட்டார். நாங்கள் உருண்டையை வாங்கிப் பேசாமல் விழுங்குவோம்.

ஐப்பசி கடைசியில் மழை தொடங்கியது. கார்த்திகையில் இரண்டு கிழமை விடாமல் பெய்தது. ஒழுங்கையெல்லாம் வெள்ளம். கிணற்றில் தண்ணீர் படிப்படியாக ஏறியது. நான் போய்க் குடித்துப் பார்க்கவில்லை. இன்னும் கரித்தால் என்ன செய்வது என்று பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா வழக்கம்போலக் கிணற்றுத் தண்ணீரில், வழக்கம்போல உப்பில்லாமல் சமைத்திருந்தார். சாப்பிடும்போது எனக்கு ஏதோ வித்தியாசமாக இருந்தது. ஆசையில் அப்படித் தெரிகிறது என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். அம்மாவும் பருப்பை இரண்டு தரம் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்பா குழைத்து, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று வைத்தார். கடைசி உருண்டையைத் தன் வாயில் போட்டார். மென்றுகொண்டே எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உப்புக் காணுமோ?" என்றார்.

"காணாது" என்றான் தம்பி, கையை நீட்டிக்கொண்டு.

"எனக்கும் காணாது அப்பா" என்றேன் நான்.

"ஓம், காணாதுதான்" என்று அம்மா எழும்பி, மேல் தட்டில் இருந்த உப்புப் போத்தலை எடுத்தார். நாலைந்து மாதமாக யாரும் தொடாததால் அதன் மூடி நன்றாக இறுகிப் போயிருந்தது. அம்மாவால் திறக்க முடியவில்லை. அப்பாவாலும் முடியவில்லை. அப்பா போத்தலைப் பிடிக்க, அம்மா மூடியைத் திருக, நான் அம்மாவின் கையைப் பிடிக்க, தம்பி என் முதுகில் தொங்கிக்கொண்டு இழுக்க, அது திறந்தது.